கியோட்டோவில் ரூம் போட்ட கதை

மாடிப்படியைப் பார்த்ததும் அம்மா கைப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னடி இது, பரண்ல ஏறுற ஏணி மாதிரி இருக்கு?"

ஏணி மாதிரிதான் இருந்தது. பதினான்கு படிகள். ஒவ்வொன்றிலும் என் பாதத்தில் முக்கால்வாசிதான் கொள்ளும். பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் மட்டும் மெல்லிய மரக்கம்பி. படுக்கையறை இரண்டும் மேலே. குளியலறை, கழிவறை, சமையலறை எல்லாம் கீழே. அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலும் தேய்மானம், இரவில் இரண்டு தடவையாவது எழுந்திருப்பாள். இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமா? ஆனால் வீட்டைப் பதிவு செய்த அன்று என் கண்ணில் பட்டது வேறு: கரிய மரச்சட்டம் அடித்த முகப்பு, உள்ளே கையகலத் தோட்டம், அதில் பாசி படிந்த ஒரு கல்தொட்டி. விளம்பரத்தில் இருபத்தி இரண்டு படங்கள் இருந்தன. படிக்கட்டுக்கு மட்டும் படம் இல்லை.

2024 நவம்பர் முதல் வாரம். ஜப்பானில், கியோட்டோவின் கிழக்கு விளிம்பில், ஹிகாஷியாமா என்கிற பேட்டையில், கியோமிஸு கோயிலுக்கு ஏறும் சரிவுகளில் ஒன்றில் அந்த வீடு. மச்சியா என்பார்கள், பழைய வணிகர் வீடு. தெருப் பக்கம் குறுகலாக இருக்கும், உள்ளே போகப்போக நீண்டுகொண்டே இருக்கும். உள்ளூரில் இதற்கு 'விலாங்குப் படுக்கை' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அந்தக் காலத்தில் முகப்பின் அகலத்தைப் பார்த்து வரி போட்டார்கள், அதனால் ஜனங்கள் அகலத்தைச் சுருக்கிக்கொண்டார்கள் என்று காரணம் சொல்வார்கள். அகலமே இல்லாத வீட்டில் படிக்கட்டு சாய்ந்து இறங்க இடம் ஏது? நெட்டுக்குத்தாகத்தான் நிற்கும். பணம் கட்டுவதற்கு முன்னால் தோன்றியிருக்க வேண்டிய யோசனை.

டாக்ஸி வீடு வரைக்கும் வரவில்லை. சரிவின் அடியிலேயே இறக்கிவிட்டார் டிரைவர். கல் பாவிய தெருவில் இரண்டு சூட்கேஸ்களை இழுத்துக்கொண்டு ஏறினேன். அந்தச் சக்கரச் சத்தம் இருக்கிறதே, மாலை ஏழு மணிக்கு அந்தத் தெருவே அடங்கிக் கிடக்கும்போது கடகடவென்று ஊரைக் கூட்டியது. வீட்டுக்குள் போனால் சுவரில் அறிவிப்பு: இரவு ஒன்பதுக்கு மேல் வாசலில் பேசாதீர்கள், பெட்டியை உருட்டாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். அக்கம்பக்கத்தில் குடும்பங்கள் வாழ்கின்றன, நியாயம்தான்.

அன்றிரவு அம்மா கீழே சமையலறையை ஒட்டிய தத்தாமி (பாய் விரித்த) அறையில் படுத்தாள். மேலே எனக்கு இரண்டு படுக்கையறை. தூக்கம் வரவில்லை.

கியோட்டோ எனக்குப் புதிது அல்ல. அதற்கு முன்பே இரண்டு தடவை போயிருந்தேன், இரண்டு தடவையும் வேறு வேறு பேட்டையில் தங்கியிருந்தேன். அப்படியிருந்தும் மூன்றாவது தடவை இப்படி மாட்டிக்கொண்டதற்குக் காரணம், நான் தங்கும் இடத்தைப் பகல் வெளிச்சத்தில் யோசித்ததுதான். எந்தக் கோயில் பக்கம், எது அழகான தெரு என்று பார்த்தேன். அந்த ஊரில் இந்தக் கணக்கு உதவாது. ஏன் என்று சொல்கிறேன்.

கியோட்டோ ஒரு தட்டின் அடி மாதிரி. மூன்று பக்கமும் மலை, தெற்கு மட்டும் திறப்பு. 794இல் தலைநகராக அமைத்தபோது சீனத்துச் சாங்கான் நகரத்தைப் பார்த்துக் கட்டம் கட்டமாகத் தெரு போட்டார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழித்து, 1868ஐ ஒட்டிப் பேரரசர் டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்தார். கட்டங்கள் அப்படியே இருக்கின்றன. முகவரி சொல்வதுகூட இன்னும் அந்தக் கட்டத்தை வைத்துத்தான்: இரண்டு தெரு சந்திக்கும் முனையைச் சொல்லி, அங்கிருந்து 'ஆகரு' என்றால் வடக்கே, 'சாகரு' என்றால் தெற்கே. ஏறு, இறங்கு என்று பொருள். அரண்மனை வடக்கே இருந்ததால் வடக்குப் பக்கம் மேலாகிவிட்டது.

நாம் பார்க்கப் போகிற இடங்கள் பெரும்பாலும் இந்தத் தட்டின் விளிம்பில் இருக்கின்றன. கியோமிஸு, கின்காகுஜி (Ginkakuji) என்கிற வெள்ளி மண்டபம் எல்லாம் கிழக்கே. ஒலிப்பில் ஏறக்குறைய அதே பெயர் கொண்ட தங்க மண்டபம் (Kinkakuji) வடமேற்கே (இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஊரின் மறுகோடியில் போய் நின்றவர்களை எனக்குத் தெரியும்). அராஷியாமா மேற்குக் கோடி. சிவப்பு வளைவுகள் வரிசை கட்டி நிற்கும் ஃபுஷிமி இனாரி தென்கிழக்கே. நடுவில் நிஜோ கோட்டை, பழைய அரண்மனை, கடைத்தெரு. இந்த விளிம்பையெல்லாம் கோக்கிற மாதிரி சுரங்க ரயிலும் கிடையாது. மொத்தமே இரண்டு தடம்: வடக்கு தெற்காக ஓடுவது 1981இல் வந்தது, கிழக்கு மேற்காக ஓடுவது 1997இல். இரண்டும் சந்திப்பது கராசுமா ஓய்கே என்ற ஒரே நிலையத்தில். மிச்சத்துக்கு பஸ். பின்வாசலில் ஏறி, முன்வாசலில் 230 யென் போட்டுவிட்டு இறங்க வேண்டும். நவம்பரில் அந்த பஸ் எப்படி இருக்கும் என்றால், நாங்கள் ஒரு நிறுத்தத்தில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினோம், அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றாள். கூட்டம் தாங்காமல்தான் பஸ்ஸுக்கு மட்டுமான ஒருநாள் சீட்டையே நகராட்சி நிறுத்திவிட்டது. இப்போது பஸ், சுரங்க ரயில் இரண்டுக்கும் சேர்த்து 1,100 யென் சீட்டு.

ஆக, 'எல்லாவற்றுக்கும் பக்கம்' என்று எந்த ஹோட்டல் சொன்னாலும் நம்பாதீர்கள். பகலெல்லாம் நீங்கள் எங்கோ வெளியேதான் இருக்கப் போகிறீர்கள். தங்கும் பேட்டை உங்களுக்குச் சொந்தமாவது விடிந்து எட்டரை வரைக்கும், அப்புறம் ஆறு மணிக்கு மேல். அந்த நேரத்தில் வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது, தண்டவாளம் எத்தனை நிமிட நடை, இவ்வளவுதான் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கில் அந்த ஏணி வீட்டுக்கும் ஒரு பெரிய வரவு உண்டு, மறைக்கக் கூடாது. கியோமிஸு கோயில் காலை ஆறு மணிக்கே திறந்துவிடும். மறுநாள் நாங்கள் ஆறேகாலுக்கு உள்ளே இருந்தோம். 1633இல் திரும்பக் கட்டிய பெருமண்டபம், அதன் முன்னால் 13 மீட்டர் உயரத்தில் மரத்தூண்கள் தாங்கும் மேடை. அந்த மேடையில் எங்களையும் சேர்த்துப் பத்துப் பேர் இருந்திருப்போம். கீழே மேப்பிள் மரங்கள் இன்னும் சரியாகச் சிவக்கவில்லை. யாரோ ஒருவர் மூங்கில் துடைப்பத்தால் இலை கூட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா பேசாமல் நின்றாள். அம்மா பேசாமல் நிற்பது அபூர்வம்.

திரும்பும்போது சன்னென்சாகா என்ற கல்படி வழியாக இறங்கினோம். இங்கே தடுக்கி விழுந்தால் மூன்று வருஷத்தில் ஆயுள் முடியும் என்று ஒரு நம்பிக்கை, பரிகாரத்துக்குச் சுரைக்குடுவை விற்கும் கடைகூட அங்கேயே இருக்கிறது. பாதிப் படியில் இந்தக் கதையைச் சொல்லித் தொலைத்தேன்.

"இதை மேலயே சொல்லக் கூடாதா? வேற வழியா வந்திருப்பேன்ல?" என்று என் முழங்கையைப் பிடித்த பிடி, கீழே வரும்வரை விடவில்லை.

ஒன்பதரைக்கு அதே தெருவில் நடக்க இடமில்லை. மாலை ஆறு மணிக்குக் கடைகளெல்லாம் ஷட்டர் இறக்கிவிட்டன. விளக்கொளியில் தெரு படத்தில் பார்த்ததைவிட அழகு, ஆனால் சாப்பாடு? சைவம் என்றால் இன்னும் சிக்கல். காய்கறிக் குழம்பு என்று கொண்டுவந்து வைப்பார்கள், அதில் சேர்த்திருக்கும் 'தாஷி' சாறு பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் எடுத்தது. ஹிகாஷியாமாவில் அந்த இரண்டு இரவும் எங்களைக் காப்பாற்றியது அந்த வீட்டுச் சமையலறைதான். கடையில் வாங்கிய பாக்கெட் சாதத்தை இரண்டு நிமிடம் மைக்ரோவேவில் வைத்து, அம்மா திருச்சியிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிக்காய்ச்சலைப் பிசைந்தோம். அந்த ஊர் அரிசி ஒட்டிக்கொள்ளும், புளியோதரைக்கு லாயக்கில்லை என்பது அம்மாவின் தீர்ப்பு. இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.

பக்கத்துப் பேட்டையான கியோனைப் பற்றியும் கேட்பார்கள். மாலையில் நடந்து பார்க்க வேண்டிய இடம், தங்க வேண்டியதில்லை என்பேன். கெய்ஷா என்கிற ஆடல்பாடல் கலைஞர்களைத் துரத்தித் துரத்திப் படமெடுக்கும் தொல்லை பொறுக்காமல் 2024இல் அங்குள்ள தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழையக் கூடாது, மீறினால் 10,000 யென் என்று பலகை வைத்துவிட்டார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் பலகையைப் பார்த்துப் பார்த்து நடப்பது ஒரு மாதிரி கூச்சம்.

மூன்று இரவுக்குப் பணம் கட்டியிருந்தேன், திரும்ப வராது. இரண்டாவது இரவே படுக்கையில் கிடந்தபடி வேறு இடம் தேட ஆரம்பித்தேன். இந்த முறை முதல் வடிகட்டி: லிஃப்ட்.

ரயில் நிலையத்தின் பக்கமே போய்விடலாமா என்று யோசித்தேன். 2018இல் ஒசாகாவுக்கு ஆபீஸ் வேலையாக வந்தபோது ஒரு வாரக்கடைசி அங்கே தங்கியிருக்கிறேன், நிலையத்துக்குத் தெற்கே ஹச்சிஜோ வாசல் பக்கம். 'கியோட்டோவுக்கு வந்து ஸ்டேஷன் பக்கத்திலா தங்குவார்கள்' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் சுளிக்க மாட்டேன். இனாரிக்கு இரண்டே நிறுத்தம், ஐந்து நிமிடம். அராஷியாமா பக்கம் பதினாறு, பதினேழு நிமிடம். நாராவுக்கு முக்கால் மணி, ஒசாகாவுக்கு அரை மணி. இதில் எதற்கும் பஸ் வேண்டாம். கான்சாய் விமான நிலையத்துக்கு நேர் வண்டியும் இருக்கிறது. இரண்டு நாள்தான் கையில் என்றால், குழந்தை, பெரிய பெட்டி என்றால், யோசிக்கவே வேண்டாம், அங்கேயே போடுங்கள். மாலையில்தான் அங்கே ஒன்றும் இல்லை. நிலையக் கட்டடம் பிரம்மாண்டம், ஹிரோஷி ஹாரா வடிவமைத்து 1997இல் திறந்தது. அதன் நீண்ட படிவரிசையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கழிக்கலாம். அதற்கு மேல் அறைக்குத்தான் போக வேண்டும். நடக்கிற தூரத்தில் தோஜி கோயில் கோபுரம் இருக்கிறது, ஏறக்குறைய 55 மீட்டர், ஜப்பானின் மரக்கோபுரங்களில் இதுதான் உயரம். மாதம் 21ஆம் தேதி அதன் வளாகத்தில் சந்தை கூடும். உங்கள் தேதி அமைந்தால் அதிர்ஷ்டம்.

ஒசாகாவிலேயே தங்கி தினமும் வந்துபோகிறவர்களும் நம்மில் நிறைய. ஹாங்க்யூ ரயிலில் முக்கால் மணி நேரம், நானூற்றுச் சொச்சம் யென், ஹோட்டலும் மலிவு. கணக்கு சரிதான். ஆனால் அந்த ஆறேகால் மணி மேடை கிடைக்காது. பத்து மணிக் கூட்டத்தோடு வந்து, ஆறு மணிக் கூட்டத்தோடு போவீர்கள்.

இரண்டாவது பயணம் 2019 ஜூலையில், கணவருடன், ஷிஜோ கராசுமா சந்திப்புக்குப் பக்கத்தில். முதல் தடவை போகிற யாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். சுரங்க ரயிலும் ஹாங்க்யூவும் ஒரே முனையில், நிஷிகி சந்தை பின்பக்கம், கியோனுக்கு இருபது நிமிட நடை, இரவு பத்து மணிக்கும் சாப்பாடு. பெருந்தெருவை விட்டு உள்ளே ஒரு தெரு தள்ளி எடுங்கள். 2007இல் கொண்டுவந்த விதிப்படி உள்தெருக்களில் 15 மீட்டருக்கு மேல் கட்ட முடியாது. அதனால் கட்டடங்கள் அடக்கமாக இருக்கும், சன்னலைத் திறந்தால் கொஞ்சம் வானம் தெரியும்.

நாங்கள் போனது தெரியாமலே கியோன் திருவிழாச் சமயம். ஹோட்டல் வாசலில் இறங்கினால் எதிரே ஒரு தேர் பாதி கட்டி நிற்கிறது. ஆணி கிடையாது, வைக்கோல் கயிறுதான். ஒருவர் மரச்சட்டம் சேரும் மூலையில் கயிற்றைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் மரச் சுத்தியலால் தட்டி இறுக்கிக்கொண்டிருந்தார். சுற்று முடிந்தபோது அது கட்டாகத் தெரியவில்லை, நெய்த மாதிரி இருந்தது. 17ஆம் தேதி ஊர்வலத்தில் அந்தத் தேரைத் தெருமுனையில் திருப்பினார்கள். சக்கரத்துக்கு அடியில் பிளந்த மூங்கிலைப் பரப்பி, தண்ணீர் ஊற்றி, பக்கவாட்டில் வடம் பிடித்து ஒரே இழுப்பு. அச்சு திரும்பாத சக்கரம், வழுக்கித்தான் திரும்ப வேண்டும். திருவாரூரில் தேர் திருப்பப் பார்த்திருக்கிற என் கணவர் அங்கேயே அரை மணி நேரம் நின்று, சட்டை பிழிகிற அளவுக்கு வியர்த்து வந்தார். ஜூலைக் கியோட்டோ அப்படி: மலைகளுக்கு நடுவே காற்று அசையாது. திருவிழா நாட்களில் அறை வாடகையும் அசையாமல் உச்சியில் நிற்கும்.

அதே நடுநகரில் கோஜோ தெருவில் வாடகை குறைவாகக் காட்டும். குறைவுக்குக் காரணம் தெரு. 1945இல் குண்டு விழுந்தால் தீ பரவாமல் இருக்க ஓய்கே, ஹோரிகாவா, கோஜோ தெருக்களின் ஓரத்து வீடுகளை இடித்து அகலமாக்கினார்கள். கியோட்டோ பெரும்பாலும் தப்பித்தது, இடித்த வீடுகள் திரும்பவில்லை. இன்று அந்த அகலத்தில் கோஜோவில் லாரி ஓடுகிறது. பின்பக்க அறை கேட்டு வாங்குங்கள். அராஷியாமாவில் ஒரு இரவு பணம் இருந்தால் இருக்கலாம், நான்கு இரவு வேண்டாம். நிஜோ கோட்டைப் பக்கம் அமைதி, குறை சொல்ல ஒன்றுமில்லை, சொல்லவும் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கே தங்கினாலும் தங்கல் வரி தனி. 2018 அக்டோபரில் தொடங்கியது, 2026 மார்ச் முதல் கூடிவிட்டது. மிக விலையுயர்ந்த அறைக்கு ஓர் இரவுக்கு ஆளுக்கு 10,000 யென் வரை போகும். நம் மாதிரி அறைகளுக்குச் சில நூறுகள்.

சரி, லிஃப்ட் தேடிய கதைக்கு வருகிறேன். நடுநகரில் அந்த வாரம் கிடைத்ததெல்லாம் எங்கள் வசதிக்கு மேல். வரைபடத்தில் வடக்கே தள்ளிக்கொண்டே போனபோது தெமாச்சியானகி என்ற இடத்தில் ஒரு சின்ன ஹோட்டல் கண்ணில் பட்டது. நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம், லிஃப்ட் உண்டு, வாடகை பாதி. படங்கள் பார்க்க அசமந்தமாக இருந்தன. எடுத்துவிட்டேன்.

இரண்டு ஆறுகள் அங்கே கூடுகின்றன. மேற்கிலிருந்து காமோ, கிழக்கிலிருந்து தகானோ, நடுவே முக்கோணமாக ஒரு மணல்திட்டு. ஆற்றின் குறுக்கே கால் வைத்துத் தாண்டக் கற்கள் போட்டிருக்கிறார்கள், அவற்றில் சில ஆமை வடிவம். பள்ளிவிட்ட பிள்ளைகள் ஆமை ஆமையாகத் தாவிக்கொண்டிருந்தன. பல்கலைக்கழகம் பக்கத்தில் என்பதால் பாலத்தடியில் யாரோ ஒரு மாணவன் டிரம்பெட் பழகிக்கொண்டிருந்தான், அதே நான்கு சுரம், அதே இடத்தில் தப்பு. கரையில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்ட பெண்ணின் கையிலிருந்து ஒரு பருந்து வந்து கொத்திக்கொண்டு போனது. பருந்து ஜாக்கிரதை என்று பலகை இருந்தது, நாங்கள் எல்லாரும் பிறகுதான் படித்தோம். அம்மா ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தண்ணி ஓடுது பாரேன்" என்றாள். காவிரிக்கரைக்காரி அதற்கு மேல் விளக்கவில்லை.

எல்லாம் சமதளம், இதுதான் முதல் விஷயம். கரையோரமாகவே நடந்து ஷிமோகாமோ கோயில் காட்டுக்குள் போய்விடலாம், ஒரு படி ஏற வேண்டியதில்லை. இரண்டாவது, தெமாச்சியானகி கெய்ஹான் ரயிலின் கடைசி நிலையம். கடைசி என்றால் நமக்கு முதல். காலி வண்டி வந்து நிற்கும், எப்போதும் உட்கார இடம். கியோன் ஷிஜோவுக்கு மூன்றாவது நிறுத்தம், இனாரிக்கு இருபது நிமிடத்துக்குள். பஸ்ஸில் நாற்பது நிமிடம் நின்ற அம்மாவுக்கு அந்த சீட்தான் கியோட்டோவிலேயே பிடித்த இடமாகிவிட்டது. வடக்கே குராமா மலைக்குப் போகும் எய்சான் ரயிலும் அங்கிருந்தே கிளம்புகிறது.

குறையும் சொல்ல வேண்டும். பெரிய நிலையத்திலிருந்து நேர் ரயில் இல்லை, தோஃபுகுஜியில் இறங்கி மாற வேண்டும். தங்க மண்டபத்துக்கு பஸ்தான் கதி. இரவு எட்டுக்கு மேல் தெரு தூங்கிவிடும். கல்பாவிய தெருவும் காகித விளக்கும் இல்லை. படம் போட்டு ஊரில் காட்ட ஒன்றும் அகப்படாது.

ஆற்றைத் தாண்டினால் ஒரு கடைத்தெரு, அதன் பக்கத்தில் 1899இலிருந்து இருக்கும் தெமாச்சி ஃபுதாபா என்ற மோச்சிக் கடை. காலையிலிருந்தே வரிசை நிற்கும். எல்லாரும் வாங்குவது மாமெமோச்சி: அவித்து இடித்த அரிசி உருண்டை, உள்ளே இனிப்புப் பயறு விழுது, மேல்தோலிலேயே உப்புப் போட்டு வேகவைத்த முழுப் பட்டாணிகள் பதிந்திருக்கும். கடித்தால் முதலில் உப்பு, அப்புறம் இனிப்பு. அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும், மறுநாள் இறுகிவிடும். முதல் நாள் ஒன்றை இரண்டாகப் பிட்டுத் தின்றோம். அம்மா பாதியை மென்றுகொண்டே, "பூரணக் கொழுக்கட்டையில பட்டாணி போட்டா யாராவது ஒத்துக்குவாங்களா? நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

கிளம்பும் நாள் காலையில் நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் அம்மாவைக் காணோம். கைப்பேசி கட்டிலில் கிடந்தது. வரவேற்பில் கேட்டால், வெளியே போனார் என்று கையால் ஆற்றுப் பக்கம் காட்டினார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். பாலத்தின் பாதியில் எதிரே வந்துகொண்டிருந்தாள், சால்வையை இறுக்கிப் போர்த்தி, கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"எட்டரைக்குத்தான் திறக்கிறான். எனக்கு முன்னாடி பதினோரு பேர்" என்றாள். "நாலுன்னு விரலைக் காட்டினேன், புரிஞ்சுக்கிட்டான். மிச்சக் காசு சரியா இருக்கா பாரு."